தும்ம வைத்த ஆர்மோனியம்

எனக்குக் கோபம் வந்தால் கடுதாசி எழுதுவேன். நேருக்கு நேர் நின்று சண்டை போட என் மாமியாரிடம் எனக்குத் தெம்பு கிடையாது. அதனால் ஊரில் இல்லாதவர்கள் மேல் தபாலில் பாய்வேன். அப்படி நான் பாய்ந்தவர்களில், பதிலுக்கு ஓர் ஆளையே ரயிலேற்றி அனுப்பியவர்கள் மதராஸில் இருந்த வாத்தியக் கம்பெனிக்காரர்கள் மட்டும்தான். அவர்களை நினைத்தால் இப்போதும் கொஞ்சம் வெட்கமாகவும் நிறையச் சிரிப்பாகவும் இருக்கிறது.

நாற்பதுகளின் தொடக்கம், யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எனக்குப் பிறந்த ஊர் அரியலூர். எட்டாவது வரை படித்து, கொஞ்சம் பாட்டும் கற்றுக்கொண்டு, பெரம்பலூரில் வாழ்க்கைப்பட்டேன். என் அப்பா ஒரு வாரப் பத்திரிகையில் விளம்பரம் பார்த்து, எழுதிப்போட்டு, ஓர் ஆர்மோனியத்தை வரவழைத்து என் சீர்வரிசையோடு வைத்துவிட்டார். குத்துவிளக்கு, அண்டா, தவலை, கட்டில், அதற்குப் பக்கத்தில் ஆர்மோனியம். சீர் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அண்டாவைத் தட்டிப் பார்த்தார்கள், தவலையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஆர்மோனியத்தின் அருகே வந்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

மாமியார் மட்டும் அதைச் சுற்றிவந்து பார்த்தார். பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "இது கூத்தாடிப் பொட்டியாச்சே! குடும்பம் நடத்துற வூட்ல இதுக்கு என்ன வேல?" என்றார்.

என் அப்பாவின் முகம் சுண்டிப்போனது. நான் தலையைக் குனிந்துகொண்டு, இந்த அம்மாளோடுதான் காலம் தள்ள வேண்டுமா என்று மாலையின் சம்பங்கிப் பூவைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

மாமனார் காலமாகிவிட்டிருந்தார். பருத்திக் கொல்லை, கடலைக் கொல்லை இரண்டையும் மாமியாரே ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டார். இடுப்பில் ஒரு சுருக்குப்பை, அதற்குள் வாழைச் சருகில் மடித்த பொடிமட்டை. எதையாவது முடிவு செய்யும் முன் ஒரு சிட்டிகை மூக்குப்பொடி எடுத்து உறிஞ்சுவார். உறிஞ்சிய பிறகு சொன்னால் அது சட்டம். என் வீட்டுக்காரர் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. சர்க்கார் சட்டத்துக்கும் அம்மா சட்டத்துக்கும் ஒரே மாதிரி தலையாட்டப் பழகியவர்.

மாமியாரின் சட்டப்படி, மாலையில் விளக்கு வைத்த பிறகு ஒரே ஒரு சாமி பாட்டு நான் வாசிக்கலாம். அதற்குமேல் ஒரு கட்டையையும் தொடக் கூடாது. நான் வாசிக்கும்போது மாமியார் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கடலை உரிப்பார். எனக்கு வயிறு எரியும். ஆனாலும் அந்த ஒரு பாட்டு எனக்கு வேண்டியிருந்தது. நாள் முழுக்க "சரிங்க அத்தை", "ஆகட்டுங்க அத்தை" என்று மட்டும் பேசிய வாய்க்கு, அந்த ஒரு வேளைதான் தன் இஷ்டப்படி திறக்க நேரம் கிடைத்தது. அந்தப் பெட்டி இல்லாவிட்டால் அந்த வீட்டில் நான் இல்லை என்றே நினைத்தேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் மாமியார் தங்கம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மருமகளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்ப மற்ற மாமியார்கள் ஆயிரம் யோசிப்பார்கள். இவரோ தாமாகவே அனுப்பிவைப்பார். "ஒங்கம்மாவப் பாத்து நாளாச்சே, ஒரு எட்டு போயிட்டு வாயேன்" என்பார். அரியலூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவரே விரட்டுவார். ஏதோ நல்ல மனசு என்று நானும் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆவதற்குள் பெட்டிக்குக் கேடு வந்தது. நடுவில் ஒரு கட்டை கம்மியது. பிறகு அதற்குப் பக்கத்துக் கட்டை. பிறகு அதற்கும் பக்கத்துக் கட்டை. அழுத்தினால் நாதம் வராது, சளி பிடித்த மூச்சுபோல் காற்று மட்டும் வரும். அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. துருத்தியை அமுக்கிக் காற்றை ஏற்றி நான் வாசிக்க ஆரம்பித்தால் எனக்குத் தும்மல் வரும். பக்கத்தில் உட்கார்ந்த வீட்டுக்காரருக்கும் வரும். பாட்டின் முதல் அடி முடிவதற்குள் ஆளுக்கொரு தும்மல் போட்டுவிடுவோம்.

விளக்கு வைத்த நேரத்தில், சாமி பாட்டின் தொடக்கத்திலேயே தும்மல்! மாமியாருக்கு வேறென்ன வேண்டும்?

"பொட்டியத் தொறந்தாலே அபசகுனமாயிருக்கு. கொட்டாயி போட்டிருக்கிற நாடகக்காரரு பழைய பொட்டி கெடைக்குமான்னு கேட்டுக்கிட்டிருக்காரு. விஜயதசமி நல்ல நாளு. அன்னிக்குக் காலையில அவருகிட்ட தூக்கிக் குடுத்துடுவோம்" என்று ஒரு சிட்டிகை உறிஞ்சினார்.

உறிஞ்சிவிட்டார் என்றால் முடிந்தது. வீட்டுக்காரர் தலையாட்டினார். நான் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாக உருட்டினேன். பிறகு உட்கார்ந்து கம்பெனிக்குக் கடுதாசி எழுதினேன்.

என்னென்ன எழுதினேன் என்பது முழுக்க நினைவில்லை. "உங்கள் பெட்டி பாடவில்லை, மேல்மூச்சு வாங்குகிறது" என்று எழுதியது நினைவிருக்கிறது. பத்திரிகையில் படம் போடத் தெரிந்தவர்களுக்குப் பெட்டி செய்யத் தெரிய வேண்டாமா என்றும் கேட்டிருந்தேன். வீட்டுக்காரர் படித்துப் பார்த்து, "இத அனுப்பினா போலீஸ்தான் வரும்" என்றார். அவர் ஆபீஸுக்குப் போனதும் தபாலில் சேர்த்தேன்.

பதில் வந்தது. என் கோபத்தை அவர்கள் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. எங்கள் பெட்டியால் தங்களுக்கு மனக்கஷ்டம் ஏற்பட்டதற்கு வருந்துகிறோம் என்று தொடங்கி, ஒரு காரியம் செய்யச் சொல்லியிருந்தார்கள். கட்டைகளின் மேல் ஒரு காகிதத்தை விரித்து, ஒவ்வொரு கட்டையையும் பென்சிலால் கோடு போட்டு வரைந்து, பேசாத கட்டைகளுக்கு மட்டும் குங்குமம் தடவி அனுப்ப வேண்டுமாம். யுத்தத்தில் காகிதம் கிடைக்காத காலம். பழைய காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் வரைந்து, அடுத்தடுத்து இருந்த மூன்று கட்டைகளுக்கும் குங்குமம் வைத்தேன். பார்ப்பதற்கு மூன்று சுமங்கலிகள் வரிசையில் நின்றதுபோல் இருந்தது. மூலையில் இடம் இருந்தது, என்னிடம் கோபமும் பாக்கி இருந்தது. "விஜயதசமிக்குள் சரியாகாவிட்டால் இந்தப் பெட்டி நாடகத்துக்குப் போய்விடும். அதற்கப்புறம் உங்கள் கியாரண்டியை உங்கள் கடைவாசலிலேயே மாட்டிக்கொள்ளுங்கள்" என்று எழுதி அனுப்பினேன்.

அதற்குப் பதில் இல்லை. ஓட்டைப் பெட்டியை விற்றவர்கள் ஓடி ஒளிந்துகொண்டார்கள் என்று வாசல் தெளிக்கும்போதெல்லாம் அவர்களைத் திட்டினேன். நாடகக்காரர் இதற்கிடையில் ஒருமுறை வந்து பெட்டியைப் பார்த்துவிட்டுப் போனார். "வாசிக்கிறதுக்கு இல்லீங்க, உதிரிக்குத்தான்" என்றார். அதாவது என் பெட்டியைப் பிரித்து, உறுப்பு உறுப்பாக வேறு பெட்டிகளில் மாட்டப் போகிறார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

சரஸ்வதி பூஜை வந்தது. வீட்டிலுள்ள புத்தகம், பேனா, அரிவாள், களைக்கொத்து எல்லாவற்றையும் துடைத்துப் பூஜையில் அடுக்கினோம். ஆர்மோனியத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்து நடுவில் வைத்தேன். நாளைக்கு விடைபெறப் போகிற பெட்டி என்பதால் பூவைக் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன். கற்பூரம் காட்டியாகிவிட்டது. இனி மறுநாள் காலை மறுபூஜை செய்து எடுக்கும்வரை எதையும் தொடக் கூடாது.

பிற்பகலில் வாசலில் ஓர் உருவம் வந்து நின்றது. தலையிலிருந்து கால்வரை கருப்பு. கையில் ஒரு பை.

"கரி வேணாம்ப்பா, போ போ. பூஜையும் அதுவுமா வந்துட்டான்" என்றார் மாமியார்.

"கரி விக்க வரலீங்கம்மா. மதராஸ் வாத்தியக் கம்பெனியிலேருந்து வரேன். ஆர்மோனியம் சரி பண்ண" என்றது உருவம்.

பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் அடுப்புக்கரியில் ஓடிய காலம் அது. அரியலூரில் ரயிலை விட்டு இறங்கியவருக்கு, கரி அடுப்புக்குப் பக்கத்து இருக்கைதான் கிடைத்ததாம். இரண்டு நாள் முன்னாலேயே வந்திருக்க வேண்டியவர். மிலிட்டரி ரயில்களுக்கு வழிவிட்டு வழிவிட்டு, வண்டி ஒவ்வொரு ஊரிலும் குடித்தனம் நடத்திக்கொண்டு வந்ததாம். கிணற்றடியில் முகம் கழுவிய பிறகுதான் சிவந்த, சிரித்த முகம் உள்ள நடுவயசுக்காரர் என்று தெரிந்தது. பையைத் திறந்து காலண்டர் தாளை எடுத்துக் காட்டினார். என் மூன்று சுமங்கலிகள். மூலையில் என் கையெழுத்து. எனக்குக் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

"ஜெர்மனியிலேருந்து ரீடு வந்துக்கிட்டிருந்துதுங்க. யுத்தம் வந்ததும் நின்னுபோச்சு. கடையில அழகுக்கு வச்சிருந்த பெட்டியிலேருந்தே மூணு ரீடு கழட்டிக் குடுத்தனுப்பினாரு மொதலாளி" என்றார். ரீடு என்பது கட்டைக்குள் இருந்து நாதம் எழுப்பும் சின்னப் பித்தளை நாக்கு. எனக்காகத் தங்கள் கடைப் பெட்டியையே ஊமையாக்கிவிட்டு வந்திருக்கிறார்கள். நானோ வாசல் தெளிக்கும்போதெல்லாம் அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆனால் பெட்டி பூஜையில் இருந்தது. அவர் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தார், சந்தனத்தையும் பூவையும் கண்டார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். தம் பையிலிருந்து திருப்புளி, சின்ன அரம், பிரஷ் எல்லாவற்றையும் எடுத்து மாமியாரிடம் நீட்டினார்.

"நானும் இன்னிக்கு ஆயுதம் தொடக் கூடாதுங்கம்மா. ரயில்லயே பூஜை போயிடுமோன்னு கவலப்பட்டேன். இதுங்களையும் அந்தப் பக்கத்துல வச்சுக்கலாமுங்களா?"

மாமியார் அந்த இடத்திலேயே பாதி கரைந்துவிட்டார். திருப்புளிக்குச் சந்தனம் வைத்தார். அவருக்கு இலை போட்டுப் பொங்கல், சுண்டல், வடை என்று பரிமாறினார். ஆனாலும் கேள்வி கேட்காமல் விடவில்லை.

"ஏம்ப்பா, அது கூத்தாடிப் பொட்டிதானே?"

"கொட்டகையில இருந்தா கூத்துப் பாடும், கோயில்ல இருந்தா சாமி பாடும்ங்கம்மா. அதுக்கா ஒண்ணும் தெரியாது. இன்னொரு வடை போடுங்க."

மாமியார் சிரித்தார். அவருடைய பல்வரிசையை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். சந்தோஷத்தில் பொடிமட்டையை அவிழ்த்து அவரிடம் நீட்டினார். "பழக்கமில்லீங்கம்மா, தும்மல் வந்துடும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார் அவர்.

விஜயதசமி காலையில் மறுபூஜை முடியும்போதே வாசலில் மாட்டுவண்டிச் சத்தம் கேட்டது. நாடகக்காரர் கயிறும் சாக்குமாக வந்து நின்றார். 

"செத்த இருங்க. கம்பெனி ஆளு பாத்துக்கிட்டிருக்காரு. தேறாதுன்னா தூக்கிக்கிட்டுப் போங்க" என்றார் மாமியார்.

கம்பெனிக்காரர் பெட்டியின் மேல் பலகையைத் திருகிக் கழற்றினார். மூன்று கட்டைகளையும் தூக்கினார். குனிந்து உள்ளே பார்த்தார். அடுத்த கணம் வீடே அதிரும்படி ஒரு தும்மல் போட்டார். எட்டிப் பார்த்த நான் ஒரு தும்மல், எனக்குப் பின்னால் நின்ற வீட்டுக்காரர் ஒரு தும்மல்.

அந்த மூன்று ரீடுகளின் மேலும் பழுப்பு நிறத்தில் ஒரு பொடி அப்பிக் கிடந்தது. வாசனையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த வீட்டில் அது ஒரே ஒரு சுருக்குப்பையிலிருந்துதான் வர முடியும்.

நான் மாமியாரைப் பார்த்தேன். மாமியார் உத்திரத்தைப் பார்த்தார். கம்பெனிக்காரர் எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அசையாத முகத்தோடு சொன்னார்:

"கரித்தூளுங்க. அரியலூர்லேருந்து பஸ்ல கொண்டாரப்ப ஏறியிருக்கு. நாங்க கட்டி அனுப்பினது சரியில்ல. எங்க கம்பெனி தப்பு, மன்னிச்சுக்கணும்."

கரி கருப்பு. இது பழுப்பு. கண் தெரிந்த யாருக்கும் அது புரியும்.

"ஆமாமா, அந்தப் பாழாப்போன பஸ்ஸே அப்படித்தான்" என்றார் மாமியார், உத்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். கூத்தாடிப் பெட்டி என்று ஊர்முன் சொன்னவர் யார்? அபசகுனம் என்று அதை விற்கக் கிளம்பியவர் யார்? தம்முடைய பொடியால் எங்களைத் தும்மவைத்துவிட்டுப் பழியைப் பெட்டியின் தலையில் போடுவதா? நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் கம்பெனிக்காரர் பிரஷால் துடைத்து, ஊதி, பழைய ரீடுகளையே பொருத்தி முடித்துவிட்டார். கொண்டுவந்த மூன்றும் தேவைப்படவில்லை. நான் வாசித்துப் பார்க்கலாம் என்று முன்னால் போனேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இல்லீங்கம்மா. எங்க கம்பெனியில ஒரு ரூல் இருக்கு. ரிப்பேர் பண்ணினா வாசிக்கத் தெரியாதவங்க ஒருத்தரு அழுத்திப் பாக்கணும். தெரிஞ்சவங்க கை பெட்டியோட குத்தத்த மறைச்சுடும்." மாமியார் பக்கம் திரும்பினார். "பெரியம்மா, நீங்கதான் ஒத்தாசை பண்ணணும். துருத்திய நான் போடுறேன், சும்மா அழுத்துங்க போதும்."

"நானா? எனக்கென்ன தெரியும்?"

"தெரியாதவங்கதாங்க வேணும்."

மாமியார் பொடிமட்டையைத் தேடினார். பிறகு என்ன நினைத்தாரோ, சுருக்குப்பையையே இடுப்பிலிருந்து எடுத்துத் தள்ளி வைத்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பெட்டிமுன் உட்கார்ந்தார். கம்பெனிக்காரர் காற்றை ஏற்றினார்.

ஒரே விரல். அந்த மூன்று கட்டைகள். அவை மூன்றுக்குள்ளேயே அடங்கிவிடும், நான் தினமும் வாசிக்கும் பாட்டின் தொடக்கம். கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக, ஒரு சுரமும் விடாமல் அழுத்தினார். இரண்டாவது அடியில் ஓரிடத்தில் எனக்கு எப்போதும் ஒரு சுரம் தப்பும். அதே இடத்தில் அவருக்கும் அதே சுரம் தப்பியது.

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.  சுவரைப் பார்த்துக் கடலை உரித்த ஒவ்வொரு மாலையும் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார், என் தப்பையும் சேர்த்து. பந்தியில் அத்தனை பேர்முன் சொன்ன ஒரு சொல், தாமே ஆசைப்பட்டபோது அவரைப் பெட்டியின் பக்கம் அண்டவிடாமல் செய்திருக்கிறது. அதனால்தான் நான் அரியலூர் பஸ் ஏறும்வரை காத்திருந்திருக்கிறார். பெட்டி பாடாமல் போனதும், இனித் தமக்கும் உதவாது என்றுதான் அதைக் கொடுக்கத் துணிந்திருக்கிறார். பிறந்த வீட்டுக்கு விரட்டி விரட்டி அனுப்பிய தங்கமான மனசின் ரகசியம் அன்று எனக்குத் தெரிந்துபோனது.

வாசிப்பு நின்றது. வாசலில் நாடகக்காரர் கயிறோடு நின்றபடியே, "அப்ப... பொட்டி?" என்றார்.

மாமியார் கண்ணைத் திறந்தார். "எந்தப் பொட்டி? சரஸ்வதி இருக்கிற பொட்டிய விஜயதசமியன்னிக்கு யாராவது வெளிய குடுப்பாங்களா? கேக்க வந்துட்டீரு! காப்பித்தண்ணி குடிச்சுட்டுக் கெளம்பும்."

என் வீட்டுக்காரர் வழக்கம்போல் தலையாட்டினார். அவர் தலையாட்டியதில் எனக்குப் பிடித்தது அந்த ஒன்றுதான்.

பஸ் நிற்கும் இடம்வரை நானும் வீட்டுக்காரரும் கம்பெனிக்காரரை வழியனுப்பப் போனோம். மாமியார் கட்டிக்கொடுத்த வடைப் பொட்டலம் அவர் கையில் இருந்தது. மூன்று ரீடுகளும் கடைப் பெட்டிக்கே திரும்பிப் போகின்றன என்பதில் எனக்கு நிம்மதி.

"நான் வரைஞ்சு அனுப்பினதப் பாத்தப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சுங்களா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் சந்தேகம் இருந்துச்சுங்க. வாசிக்கத் தெரிஞ்சவங்க கை பெட்டி பூராவும் ஓடும். பக்கத்துப் பக்கத்துல மூணு மட்டும் கெட்டா, வூட்ல வேற யாரோ பழகுறாங்கன்னு அர்த்தம். யாருன்னு மூக்குதான் சொல்லுச்சு."

"தெரியாதவங்கதான் வாசிச்சுப் பாக்கணும்னு சொன்னீங்களே, அந்த ரூல்?"

"இனிமே இருக்கும்ங்க" என்று சிரித்துவிட்டு, இந்தத் தடவை கரி அடுப்பைவிட்டுத் தள்ளி இடம் பிடிக்க ஓடினார்.

ஒரு வாரம் போனதும் இது நடந்தது. விளக்கு வைத்தேன், பெட்டியைத் திறந்தேன். மாமியார் கடலை முறத்தை ஓரமாகத் தள்ளிவைத்தார். சுருக்குப்பையைக் கழற்றி மாடத்தில் வைத்தார். வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைக் கட்டைகளின் மேலிருந்து எடுத்துத் துருத்தியின் மேல் வைத்தார்.

"ரெண்டையும் ஒண்ணா செய்ய எனக்கு வரமாட்டேங்குது. நீ காத்தப் போடு, நான் அழுத்துறேன்."

"சரிங்க அத்தை" என்றேன். அந்த வீட்டில் நான் மனசாரச் சொன்ன முதல் "சரிங்க அத்தை" அதுதான்.